இந்த எண்ணில் சரக்கு இல்லை

கோனபாடு மிளகாய் யார்டில் நான் பதினெட்டு வருஷமாக எடை போடுகிறேன். பெயர் அங்கம்ம ராவ். அந்த மார்ச் மாதம் நடந்ததைப் பற்றி டிவியில் ஒரு விதமாகச் சொன்னார்கள், போலீஸ் இன்னொரு விதமாக எழுதிக்கொண்டது. நான் டெலிவரி அறையின் கதவை ஒட்டி நின்றிருந்தேன். என் வலது முழங்கால் அன்றைக்குப் போனதுதான், இன்னும் சரியாக மடங்குவதில்லை. அதனால் எனக்கும் சொல்ல உரிமை இருக்கிறது.

யார்டில் வேலை நடக்கும் முறை எளிது. விவசாயி மூட்டைகளோடு கேட்டுக்குள் வந்ததும் ஒரு நம்பர் போட்ட சீட்டு கிடைக்கும். மறுநாள் காலையில் வியாபாரிகள் ஷெட் ஷெட்டாக நடந்து விலை வைப்பார்கள். அதன்பிறகு விவசாயி டெலிவரி ஜன்னலுக்கு வந்து சீட்டை நீட்ட வேண்டும். உள்ளே சுவார்த்தம்மா அந்த நம்பரைக் கம்ப்யூட்டரில் அடிப்பாள். சரக்கின் விவரம் வெளியே சுவரிலிருந்து பக்கவாட்டில் நீட்டி மாட்டியிருக்கும் பெரிய திரையில் தெரியும். எடைச்சீட்டு வந்தால்தான் நான் மூட்டையைக் காட்டாவில், அதாவது எடைமேடையில், ஏற்றுவேன்.

சுவார்த்தம்மாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. சர்ச் தெருவில் அம்மாவோடு இருந்தாள். பி.காம். படித்தவள். எனக்கு உறவில்லை, ஆனாலும் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். வேலையில் வேகம், வாயிலும் வேகம்.

பிரச்சினை அந்தத் திரையில்தான் இருந்தது. யார்டின் கணக்கெல்லாம் எங்கள் ஊரில் இல்லை, எங்கோ தூரத்தில் ஒரு பெரிய கம்ப்யூட்டரில் இருக்கிறது. இங்கிருந்து அதற்கு லைன் போகிறது. லைன் அறுந்தால் திரையில் ஒரே ஒரு வரி வரும்: "இந்த எண்ணில் சரக்கு இல்லை." உண்மையாகவே ஒருவன் தப்பான நம்பர் கொடுத்தாலும் அதே வரிதான்.

"லைன் போயிருக்கு, பத்து நிமிஷம் உக்காருங்க" என்று சுவார்த்தம்மா சொல்வாள்.

"லைன் போனா லைன் இல்லைன்னு போடு. சரக்கு இல்லைன்னு எதுக்குப் போடுற?" என்று கேட்பார்கள். அந்தப் புரோகிராமை எழுதிய விஜயவாடா கம்பெனிக்கு அவள் நாலு தடவை போன் செய்ததை நான் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். நாலாவது தடவை, "மேடம், இதைப் படிக்கிறவங்க என் முகத்துக்கு முன்னாடி நிக்கிறாங்க, உங்க முகத்துக்கு முன்னாடி இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

பிப்ரவரியில் ஒரு கமிஷன் கடைக்காரர் ஒரு ஏழையின் பதினெட்டு மூட்டைக்கு நம்பரை மாற்றித் தன் ஆள் பெயரில் ஏற்றிக்கொண்டு மாட்டிக்கொண்டார். அதிலிருந்து யார்டுக்குள் எல்லோருக்கும் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. ராத்திரியெல்லாம் மூட்டைமேலேயே படுத்துக் கிடந்தார்கள்.

அந்த வியாழக்கிழமை காலை விஜயவாடா கம்பெனியிலிருந்து ஹைமவதி என்ற பெண் வந்திருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். மெலிந்த உடம்பு, தோளில் கறுப்புப் பை. யார்டு செயலாளர் ஏதோ ரிப்போர்ட் கேட்டிருந்தாராம். சுவார்த்தம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போன்ல பேசினது நீங்கதானா?"

"ஆமா."

"அந்த வரியை மாத்திட்டீங்களா?"

"லிஸ்ட்ல இருக்கும்மா. அடுத்த மாசம் பண்ணிடுவோம்."

"அடுத்த மாசம் சீசனே முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு சுவார்த்தம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு மெயின் ரோட்டில் சாக்கடை வெட்டிக்கொண்டிருந்த மண்வாரி இயந்திரம் எங்கள் லைனை அறுத்துவிட்டது. அது பிற்பாடுதான் தெரிந்தது. அந்த நேரம் ஜன்னலில் நின்றவர் செஞ்சி ரெட்டி. ஐம்பது வயது, மாச்சர்லா பக்கத்து ஊர். அறுபத்திரண்டு மூட்டை தேஜா ரக மிளகாய் கொண்டுவந்து மூன்று நாளாகக் காத்திருந்தவர். முந்தின நாள் என்னிடம் பீடிக்கு நெருப்பு கேட்டார். மரியாதையான மனிதர். சீட்டை நீட்டினார். சுவார்த்தம்மா அடித்தாள். வெளியே திரையில் அந்த வரி வந்தது.

"தப்பா அடிச்சிட்டம்மா. நாலாயிரத்து நானூத்திப் பதினேழு" என்றார்.

மறுபடி அடித்தாள். மறுபடியும் அதே வரி.

"ரெட்டிகாரு, லைன் போயிருக்கும்னு நினைக்கிறேன். கொஞ்சம் இருங்க."

"லைன் போனா திரை எப்படி எரியுது?"

பின்னால் நின்றவன் தன் சீட்டை அவர் தோளுக்கு மேலாக நீட்டினான். "என்னுது போடு பாப்பம்." அதற்கும் சரக்கு இல்லை. அடுத்தவனுக்கும் இல்லை. ஏழு பேர், எட்டுப் பேர். எல்லோருக்கும் அந்தத் திரை பெரிய எழுத்தில் ஒரே பதிலைச் சொன்னது. சுவார்த்தம்மா அடிப்பதை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் மறைக்கிறாள் என்றிருப்பார்கள்.

எவனோ பின்னாலிருந்து சொன்னான்: "மொத்தத்தையும் வித்துட்டானுங்கடா."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அது போதுமானதாக இருந்தது. கூட்டம் ஒரே மூச்சில் ஜன்னலை நோக்கி நகர்ந்தது. முன்னால் நின்றவர்கள் நெஞ்சு நசுங்கிக் கத்தினார்கள். முதல் கல் திரைக்கு மேலே சுவரில் பட்டது. இரண்டாவது ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து சுவார்த்தம்மாவின் தோளில் விழுந்தது.

நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். ஹைமவதி சுவரோடு ஒட்டி நின்றாள். கதவில் ஏழெட்டு உதை விழுந்ததும் தாழ்ப்பாள் பிய்ந்து என் நெற்றியில் அடித்தது. உள்ளே வந்தவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியும். நான் எடை போட்டுக் கொடுத்தவர்கள், என்னோடு டீ குடித்தவர்கள். அவர்களில் ஒருவன் என் எடைக்கல் பெட்டியிலிருந்து பத்துக் கிலோ கல்லைத் தூக்கி என் முழங்காலில் போட்டான். எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. கீழே விழுந்த பிறகும் வயிற்றில் மிதித்தார்கள்.

"கேளுங்க, லைன்தான் போயிருக்கு, சரக்கு எங்கயும் போகல" என்று ஹைமவதி கத்தினாள்.

ஒருவன் அவள் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்தான். "யாருடி நீ? இதை எழுதின கூட்டமா?"

"இல்லண்ணா. பிரிண்டர் ரிப்பேர் பண்ண வந்தவ."

அவளை மேஜைமேல் எறிந்தான். அவள் உருண்டு மேஜைக்கடியில் விழுந்தாள். விழும்போது கீபோர்டும் ஒயரோடு அவள் மடியில் விழுந்தது. அவர்கள் அவளை அங்கேயே விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது சுவார்த்தம்மா.

அவளை ஜன்னல் வழியாகவே வெளியே இழுக்கப் பார்த்தார்கள். இரண்டு கை அவளுடைய இரண்டு கையையும் பிடித்து இழுத்தது. சட்டத்தில் மிச்சமிருந்த கண்ணாடி அவள் வயிற்றோரம் கிழித்தது. உள்ளேயிருந்து ஒருவன் அவள் காலைப் பிடித்து மறுபக்கம் இழுத்தான், காப்பாற்ற அல்ல, அவனும் அடிக்கத்தான். அவள் பாதி உள்ளே, பாதி வெளியே கிடந்தாள். "என் கையில ஒண்ணுமில்ல, என் கையில ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

செஞ்சி ரெட்டி கதவு வழியாக வந்தார். வேட்டி அவிழ்ந்து ஒரு கையில் இருந்தது. இன்னொரு கையில் கொக்கி, மூட்டை தூக்குகிறவர்கள் தோளில் மாட்டிக்கொள்ளும் இரும்புக் கொக்கி. யாரிடமிருந்து பிடுங்கினாரோ. முதல் வீச்சு சுவார்த்தம்மாவின் கம்ப்யூட்டர்மேல் விழுந்தது, அதன் கண்ணாடி சிதறியது. அந்தச் சத்தத்தில் இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கையை விட, அவள் உள்பக்கமாகச் சரிந்து முகத்தை நிமிர்த்தினாள். இரண்டாவது வீச்சு அவள்மேல் விழுந்தது. கொக்கியின் முனை இடது கண்ணுக்குக் கீழே நுழைந்தது. அவர் அதை வெளியே இழுத்தபோது அவள் முகமும் அதோடு வந்தது.

நான் ஒரு கை தூரத்தில் கிடந்தேன். எழ முடியவில்லை. முடிந்திருந்தால் எழுந்திருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குள் வெளியே நெருப்பு வைத்துவிட்டார்கள். ஜெனரேட்டருக்கு வைத்திருந்த டீசலை எடுத்து, கமிஷன் கடைகளின் சரக்கு என்று நினைத்து மூன்றாம் நம்பர் ஷெட்டில் ஊற்றினார்கள். மிளகாய் எரிந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். அவர்களுக்கும் தெரியும். கோபத்தில் மறந்துபோனார்கள்.

புகை முதலில் சிவப்பாக எழுந்தது, பிறகு அடர்ந்து தரையோடு தவழ்ந்து வந்தது. நூறு பேர் ஒரே சமயத்தில் இருமினார்கள். கண்ணைத் திறக்க முடியாமல் எதிரில் பட்டவனையெல்லாம் அடித்தார்கள், தன்னைத்தான் எவனோ பிடிக்கிறான் என்று நினைத்து. அண்ணன் தம்பி இரண்டு பேர் கம்பால் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டதை, பிய்ந்து கிடந்த கதவு வழியாகப் பார்த்தேன். மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. எல்லோரும் ஒரே கேட்டை நோக்கி ஓட, அங்கே காவலுக்கிருந்த ஜான் சைதா கேட்டின் இரண்டாவது கதவைத் திறக்கப் போராடிக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயதுக் கிழவர். அவரைக் கீழே தள்ளி அவர்மேல் ஏறி ஓடினார்கள். புகை அடங்கி ஒருவன் பார்த்தபோது சாவிக்கொத்து விரலில் மாட்டியபடியே இருந்தது, நெஞ்சு பலகைபோலத் தட்டையாகியிருந்தது.

டெலிவரி அறையில் நாங்கள் நாலு பேர்தான் மிஞ்சினோம். மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். செஞ்சி ரெட்டிக்கு ஓட வழி தெரியவில்லை, கண் எரிச்சலில் சுவரைத் தடவித் தடவிக் கடைசியில் சுவார்த்தம்மாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் தவழ்ந்து போய் என் துண்டைத் தண்ணீர்க் குடத்தில் நனைத்து அவள் முகத்தில் அழுத்திப் பிடித்திருந்தேன். துண்டு நொடியில் சிவந்தது. மேஜைக்கடியில் ஹைமவதி இருமிக்கொண்டே கீபோர்டில் ஒரே விசையைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது என்று பிறகு சொன்னாள். கை நிற்கவில்லையாம்.

மண்வாரி ஆட்கள் அறுந்த லைனை எப்படியோ ஒட்டியிருந்தார்கள். நாற்பது நிமிஷத்துக்குப் பிறகு லைன் வந்தது. உள்ளே இருந்த கம்ப்யூட்டரின் கண்ணாடிதான் உடைந்திருந்தது. வெளிச் சுவரில் இருந்த பெரிய திரையில் ஒரு மூலை மட்டும் நொறுங்கியிருந்தது. மிச்சத்தில் எழுத்து வந்தது. உடைந்த ஜன்னல் வழியாக அது பக்கவாட்டில் எங்களுக்குத் தெரிந்தது. ஹைமவதி அழுத்திய விசை பழைய நம்பர்களைத் திருப்பிக் கொண்டுவந்ததோ என்னவோ, திரையில் நின்றது முதலில் அடித்த செஞ்சி ரெட்டியின் நம்பர்தான்.

நாலாயிரத்து நானூத்திப் பதினேழு. செஞ்சி ரெட்டி. தேஜா. அறுபத்திரண்டு மூட்டை. ஷெட் மூன்று.

அவர் நீர் வழியும் கண்ணைக் கசக்கிக் கசக்கிப் படித்தார். பிறகு ஷெட் மூன்றின் பக்கம் பார்த்தார். கூரைத் தகடுகள் வளைந்து உள்ளே விழுந்துகொண்டிருந்தன.

"இருக்கே" என்றார்.

கையிலிருந்த கொக்கியைக் கீழே போடவில்லை. போலீஸ் முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு வந்து அவரை அப்படியே பிடித்தது. வந்த வேகத்தில், இருமிக்கொண்டு கிடந்தவர்களையெல்லாம் லத்தியால் வெளுத்தார்கள். எனக்கும் முதுகில் இரண்டு விழுந்தது.

சுவார்த்தம்மாவின் இடது கண்ணை மறுநாள் எடுத்துவிட்டார்கள்.

ஒன்பதாம் நாள் ஹைமவதி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நான் பக்கத்து வார்டிலிருந்து சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தேன். சுவார்த்தம்மாவின் பாதி முகம் கட்டுக்குள் இருந்தது.

"நாலு தடவ போன் பண்ணேன்" என்றாள்.

"தெரியும்."

"ஒவ்வொரு தடவையும் என்ன எழுதி வெச்ச?"

"வாசகம் மாத்தணும், அவசரம் இல்லைன்னு."

சுவார்த்தம்மா படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். அதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. ஹைமவதியின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். ஒற்றைக் கண்ணில் குறி சரியாகப் படவில்லை, பாதி அடி காதில் விழுந்தது. வார்டே திரும்பிப் பார்த்தது. ஹைமவதி அசையாமல் நின்றாள்.

"ஏன் அப்படி வருது? அதையாவது சொல்லு. கண்ணு போனதுக்குக் காரணமாவது தெரியட்டும்."

"கணக்குப் புத்தகத்துல பேர் இல்லைன்னாலும் பதில் வெறுமையா வரும். புத்தகம் இருக்கிற ரூமே பூட்டியிருந்தாலும் வெறுமையா வரும். நான் ரெண்டையும் பிரிச்சுப் பாக்கல. வெறுமைன்னா சரக்கு இல்லைன்னு ஒரே வரி எழுதிட்டேன். பத்து நிமிஷ வேலை, பிரிச்சிருக்கலாம்."

"பத்து நிமிஷம்" என்று சுவார்த்தம்மா திருப்பிச் சொன்னாள். பிறகு, "நோட்டு இருக்கா? எழுது" என்றாள்.

ஹைமவதி பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

"உங்க சரக்கு பத்திரமா இருக்கு. லைன் போயிருக்கு. இதை எழுது."

"பத்திரமா இருக்குன்னு எழுத முடியாது."

"ஏன்?"

"லைன் இல்லாதப்ப அந்தத் திரைக்கு ஒண்ணுமே தெரியாது. இல்லைன்னு சொன்னதும் பொய், இருக்குன்னு சொன்னாலும் பொய்தான். ஒருத்தன் சரக்கு நிஜமாவே திருட்டுப் போயிருந்தா?"

"அப்ப தெரியாதுன்னே போடு. தெரியாதுன்னு சொல்றதுக்கு உங்களுக்கெல்லாம் அவ்வளவு வெக்கமா?"

இரண்டு பேரும் ஒரு மணிநேரம் சண்டை போட்டார்கள். நானும் நடுவில் நுழைந்தேன். "எப்ப வரணும்னு சொல்லுங்க. எங்காளு நேரம் சொன்னா உக்காருவான். சொல்லலைன்னா நின்னுக்கிட்டே கோபப்படுவான்" என்றேன். கெட்ட செய்தி சிவப்பில் வரக்கூடாது என்று சுவார்த்தம்மா சொன்னாள். தப்பு விவசாயியுடையது அல்ல என்று முதல் வரியிலேயே இருக்க வேண்டும் என்றும் சொன்னாள். கடைசியில் நோட்டில் நின்றது இது:

"உங்கள் சீட்டில் தவறில்லை. கணக்கு இருக்கும் இடத்துக்கு இப்போது லைன் இல்லை. அதனால் உங்கள் சரக்கைப் பற்றி இந்தத் திரையால் எதுவும் சொல்ல முடியாது. சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த முயற்சி பதினொன்று இருபதுக்கு."

நேரம் மட்டும் அந்தந்த வேளைக்குத் தக்கபடி மாறும். தப்பான நம்பருக்குத் தனி வரி வைத்தார்கள்: "இந்த எண் கணக்கில் இல்லை. கேட்டில் போட்ட பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்போம், உள்ளே வாருங்கள்." அதற்காகக் கேட்டில் காகிதப் பதிவேடும் மறுபடி வந்தது.

அடுத்த சீசனில் லைன் மூன்று தடவை போனது. முதல் தடவை நான் ஊன்றுகோலோடு காட்டாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். சுவார்த்தம்மா நாற்காலியைவிட்டு எழவில்லை. கூட்டம் திரையைப் படித்தது. படிக்கத் தெரியாதவனுக்குப் பக்கத்தில் நின்றவன் வாய்விட்டுப் படித்தான். ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான், இன்னொருவன் செருப்பைத் திரைமேல் எறிந்தான். பிறகு டீக்கடைக்குப் போனார்கள். சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்தார்கள்.

வழக்கு இரண்டு வருஷம் கழித்து நரசராவ்பேட்டை கோர்ட்டில் வந்தது. ஜான் சைதா சாவுக்கு ஒருவருக்கும் தண்டனை இல்லை, அத்தனை கால்களில் எந்தக் கால் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. செஞ்சி ரெட்டி கேஸ் தனி. கூண்டில் நின்றபோது பாதியாக இளைத்திருந்தார். மிளகாயோடு நிலத்தில் பாதியும் போய்விட்டது என்று சொன்னார்கள்.

அவர் வக்கீல் என்னிடம், "கொக்கி தவறிப் பட்டிருக்கலாம் இல்லையா?" என்று கேட்டார்.

"முதல் வீச்சு கம்ப்யூட்டர்மேல. ரெண்டாவது அவளைப் பாத்துதான் ஓங்கினாரு" என்றேன். செஞ்சி ரெட்டி தலையைத் தூக்கவில்லை.

ஹைமவதியையும் அதே வக்கீல்தான் சாட்சியாக அழைத்திருந்தார். திரையில் வந்த வரியைப் படித்துக்காட்டி, "இது உண்மையா?" என்றார்.

"பொய்."

"யார் எழுதினது?"

"நான்தான். என்கிட்ட நாலு தடவ சொன்னாங்க. நான் செய்யல. அன்னைக்கு அறையில என்னைக் கேட்டப்பவும் நான் எழுதினேன்னு சொல்லல, பயந்து மறைச்சிட்டேன். அதையும் எழுதிக்குங்க."

அவள் கம்பெனி முதலாளி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கே அவளுக்கு வேலை போய்விட்டது.

நீதிபதி தீர்ப்பில் அந்த வரியையும் குறிப்பிட்டார். ஏழு வருஷம் கிடைக்கும் என்று எல்லோரும் சொன்ன இடத்தில் செஞ்சி ரெட்டிக்கு நாலு வருஷம் கிடைத்தது.

வெளியே வேப்பமரத்தடியில் ஹைமவதி எங்களுக்காகக் காத்திருந்தாள். சுவார்த்தம்மா அவளுக்கு நேராக வந்து நின்றாள்.

"அந்த ஆளுக்கு மூணு வருஷத்தைக் குறைச்சுக் குடுத்துட்ட."

"அவருக்காகப் பேசலம்மா. என் பங்கைச் சொன்னேன்."

"உன் பங்கைச் சொன்னா உன் மனசு லேசாகும். எனக்கு என்ன ஆகும்?"

ஹைமவதி பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"பொய் சொல்லியிருக்கணும்னு நான் சொல்லல" என்றாள் சுவார்த்தம்மா. "நீ சொன்னது சரிதான். ஆனா இன்னைக்கு உன் மூஞ்சியைப் பாக்க எனக்கு இஷ்டமில்ல." பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள். நான் காலை இழுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

ஹைமவதி இப்போது குண்டூரில் வேறெங்கோ வேலை பார்க்கிறாள். ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் ஒரு தடவை யார்டுக்குப் போன் செய்கிறாள். அவள் நம்பர் தெரிந்ததும் சுவார்த்தம்மா போனை என்னிடம் நீட்டிவிடுவாள். ஆனால் எழுந்து போகமாட்டாள், பக்கத்திலேயே இருப்பாள். கூட்டம் எப்படி, லைன் எப்படி, திரையில் வருவதை யாராவது புரியாமல் கேட்கிறார்களா என்று ஹைமவதி விசாரிப்பாள். நான் சொல்லுவேன். எனக்குப் பதில் தெரியாத இடத்தில் சுவார்த்தம்மா திரையிலிருந்து பார்வையை எடுக்காமலேயே எனக்கு எடுத்துக்கொடுப்பாள். நான் அதைப் போனில் சொல்லுவேன்.